தொய்ந்த கயிறு

புளியடிச் சந்தையில் பறையடித்து உத்தரவு சொன்ன ஆளுக்கு அன்று தொண்டை சரியில்லை. கடைசியில் சொன்ன ‘கொல்லப்படும்’ மட்டும்தான் எல்லோருக்கும் விளங்கியது. எதைக் கொல்லப் போகிறார்கள் என்று தெரியாமல் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மரச்சீனிக் கிழங்கு விற்கிற பூங்கனி எழுந்து போய் விசாரித்துவிட்டு வந்தாள். வருகிற புரட்டாசி முதல் கெட்டு இல்லாத பட்டி எதுவும் சந்தை எல்லைக்குள் கால் வைக்கக் கூடாதாம். வைத்தால் வாசலிலேயே அடித்துக் கொல்லப்படும். பட்டி என்றால் நாய். கெட்டு என்றால் கயிறோ சங்கிலியோ போட்டுக் கட்டியிருப்பது. அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கும் கெட்டு என்றுதான் பெயர்.

"கெட்டில்லாத பட்டியக் கொல்லுவானாம்," என்றாள் பூங்கனி கிழங்கை அடுக்கிக்கொண்டே. "கெட்டின பெண்டாட்டிய அடிச்சுக் கொல்லுகவனுக்கு ஒரு பறையும் கிடையாது."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். மீன் விற்கிற வியாகுலம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய கடவத்துக்கு, அதாவது ஓலையில் முடைந்த மீன் பெட்டிக்குப் பின்னால், வால் நுனி மட்டும் வெயிலில் கிடக்க, அவள் நாய் நெத்தோலி படுத்திருந்தது. குட்டியாகக் கடற்கரையில் கிடந்தபோது நெத்தோலி மீன் போல எலும்பும் தோலுமாக இருந்ததால் அந்தப் பெயர். இப்போது முழங்காலுக்கு மேல் வளர்ந்த செம்மண் நிறப் பொட்டை நாய். பிறந்த நாள் முதல் அதன் கழுத்தில் ஒரு நூல்கூட ஏறியதில்லை.

உத்தரவுக்குக் காரணமாகச் சொன்ன வெறிநாய்க் கடி உண்மைதான். எங்கிருந்தோ ஓடிவந்த ஒன்று சந்தைக்குள் புகுந்து ஒரு மாட்டுத் தரகனைக் கடித்தது. தரகன் தண்ணீரைக் கண்டு அலறி அலறிச் செத்தான். ஆகவே பயம் நியாயமான பயம், அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை. ஆனால் உத்தரவு போட்டவர் சந்தைக் குத்தகைக்காரர். மீன்காரிகளை உள்ளே விட்டதே தப்பு என்று வருஷக் கணக்காகச் சொல்லிவந்தவர். மீன் தண்ணீர் ஒரு துளி மேலே தெறித்தால் வீட்டுக்குப் போய்க் குளிப்பார். மீன்காரியிடம் தீர்வை வாங்கினால் மட்டும் குளிக்க வேண்டாம், அந்தச் சக்கரக் காசில் தீட்டு இல்லை. சந்தைக்கு நாயோடு வருகிறவர்கள் இரண்டே பேர்தான். ஒன்று வியாகுலம்மாள், இன்னொன்று குத்தகைக்காரரே. அவருடையது சீமை நாய். அதற்கு ஏற்கனவே இரும்புச் சங்கிலி உண்டு. உத்தரவு யாருக்காக என்று இதற்கு மேலும் யாராவது விளக்க வேண்டுமா?

நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் என்ன என்று கேட்கலாம். கேட்டார்கள். அவள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் குளச்சலுக்கு மீன் கொண்டு போகிறவர்கள். புளியடி அந்திச் சந்தைக்குப் போகிறவள் வியாகுலம்மாள் ஒருத்திதான். போகும்போது வெயில். திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும், வழியில் ஒரு பெரிய கைதைக்காடு, தாழம்புதர் மண்டி மனுஷ நடமாட்டமே இல்லாத இடம். போன வருஷம் அங்கே ஒருவன் புதருக்குள்ளிருந்து வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. பின்னால் எதையோ மோந்துகொண்டு வந்த நெத்தோலி அவன் தொடையைக் கவ்வியது. அதற்குப் பிறகு அந்த வழியில் யாரும் அவள் பக்கம் வரவில்லை. நாய் இல்லையென்றால் சந்தை இல்லை, சந்தை இல்லையென்றால் கடல் மடக்கி மீன் படாத நாளில் அடுப்பு இல்லை. அவளுக்குக் கணக்கு அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். அவள் புருஷன் கிளீட்டஸ் கரமடி இழுக்கிறவன். கடலுக்குள் வளைத்து விட்ட பெரிய வலையைக் கரையிலிருந்து ஆட்கள் இரு பக்கமும் கயிறு பிடித்து இழுத்து ஏற்றுவதுதான் கரமடி. பனங்கட்டை போல் இறுகிய கை அவனுக்கு. இதென்ன பெரிய காரியம், ஒரே நாளில் பழக்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டிக் காப்பியைக் குடித்து முடித்தான்.

மறுநாள் வியாகுலம்மாள் கடற்கரையில் மீன் எடுத்துவிட்டு வந்தபோது வீட்டுக்கு முன்னால் கூட்டம். கிளீட்டஸ் வலை இழுக்கும் மடிக் கயிற்றின் ஒரு முனையை நாயின் கழுத்தில் போட்டிருந்தான். குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, வலை இழுப்பது போலவே இழுத்தான். கரமடிக்காரனுக்குக் கயிறு கையில் வந்தால் வேறு வேலை தெரியாது. அவன் இழுக்க இழுக்க நாயும் நாலு காலையும் ஊன்றிப் பின்னால் இழுத்தது. கழுத்தில் கயிறு போட்டு இழுத்தால் எந்த ஜீவன் முன்னால் வரும்? பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பாடிக் கை தட்டினார்கள். கடைசியில் நெத்தோலி தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது. கிளீட்டஸ் கயிற்றின் மறுமுனையைச் சுருட்டி அதன் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தான்.

வியாகுலம்மாள் கடவத்தை இறக்கினாள். மீன் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து, நாயின் கழுத்துக்குப் பக்கத்தில் கயிற்றை அறுத்தாள். பாட்டு நின்றது. மடிக் கயிறு தனி ஒருத்தன் சொத்தல்ல, பங்காளிகள் எல்லோருக்கும் பொது. அதில் கத்தி வைப்பது கோயில் கொடிமரத்தில் கத்தி வைப்பது மாதிரி.

"ஏட்டி, அது மடிக்க கயிறு," என்றான் கிளீட்டஸ். "பங்காளியளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"எனக்க பெண்டாட்டி அறுத்தாண்ணு சொல்லும். பட்டிக்க கழுத்துல அது என்னத்துக்குக் கெடந்துதுண்ணு கேப்பாங்க. அதயும் சொல்லும்."

"கயித்துக்கு அடங்காட்டி அங்க அடிச்சுக் கொல்லுவான். அதுக்குத்தான நான் இஞ்ச ரெண்டு அடி அடிக்கியேன்."

"அவன் கொல்லியதுக்கு மிந்தி நீரே கொன்னு குடுக்கப் பாக்கிறீரு. இவ என்ன தப்பு செய்தா? கைதைக்காட்டில ஒருத்தன் என்னப் பிடிச்சு இழுத்தப்ப ஒமக்க மடியும் வரல்ல, கயிறும் வரல்ல. இவதான் வந்தா. இஞ்ச பாரும், இவளுக்க கழுத்தப் பாரும்."

கழுத்தில் தோல் உரிந்து ரோமம் கயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. கிளீட்டஸ் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான். கூட்டம் மெல்லக் கலைந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் மரச்சீனி வெந்தது, சாளை மீன் குழம்பு கொதித்தது, ஆளுக்கொரு மூலையில் சாப்பிட உட்கார்ந்தார்கள்.  வாயில்லாத ஜீவனை நோகடித்துவிட்டு அதற்குப் பழக்குதல் என்று பெயர் வைக்கிறார்கள். வாயுள்ளவர்களுக்கும் அதே கதைதான் என்று நினைத்துக்கொண்டே வியாகுலம்மாள் மரச்சீனித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

அதன் பிறகு நெத்தோலி கயிற்றைக் கண்டாலே மூத்திரம் போனது. பழக்குவதற்கு முன்னால் இந்தப் பயத்தைக் களைய வேண்டியிருந்தது. கிளீட்டஸ் கெடுத்த வேலை. வியாகுலம்மாள் ஒரு சின்னக் கயிற்றுத் துண்டை நாய் தின்னும் சட்டிக்குப் பக்கத்தில் போட்டு வைத்தாள். முதலில் அது சட்டிப் பக்கமே வரவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை, அதட்டவும் இல்லை. கயிற்றின் மேலேயே ஒரு சாளைத் தலையை வைத்துவிட்டு அவள் பாட்டுக்குக் கருவாடு காயவைக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது தலை இல்லை, கயிறு இருந்தது. மறுபடி ஒரு தலை வைத்தாள். சில நாளில் கயிற்றைக் கையில் எடுத்தாலே நெத்தோலி வாலை ஆட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது. கயிறு வந்தால் மீன் வரும் என்று அதற்கு ஆகிவிட்டது.

பழைய முண்டுத் துணியைக் கிழித்து, புண் ஆறின கழுத்தில் அகலமாகச் சுற்றி, அதில் கயிற்றைக் கோத்தாள். மறுமுனையைக் கையில் பிடிக்கவில்லை. நாய் பாட்டுக்குக் கயிற்றை இழுத்துக்கொண்டு முற்றமெல்லாம் திரியட்டும் என்று விட்டாள். அடுத்த வீட்டு வேளாங்கண்ணி இதையெல்லாம் பார்த்துவிட்டு, மனுஷருக்குக் கஞ்சிக்கே வழியில்லாத ஊரில் நாய்க்கு விருந்து நடக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். குடலோடு எறிகிற தலைதான் அது, உனக்கு வேண்டுமென்றால் நாளையிலிருந்து உனக்கும் எடுத்து வைக்கிறேன் என்று வியாகுலம்மாள் வேலிக்கு மேலாகவே சொன்னாள். 

நிஜமான பாடம் வழியில்தான் நடந்தது. தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் ஈரம் சொட்டும் கடவம், ஒரு கை கடவத்தில், மறு கையில் கயிறு. நெத்தோலி ஓணானைக் கண்டு ஒரு பக்கம் பாய்ந்தது. கை வெட்டி இழுத்ததில் கடவம் ஆடியது. தலைச்சுமையோடு நிற்கிறவள் திருப்பி இழுக்க முடியாது, இழுத்தால் அத்தனை மீனும் மண்ணில். அவள் கல் போல நின்றாள். பழக்கும் வித்தை தெரிந்து நின்றதல்ல, வழி இல்லாமல் நின்றது. நாய் முக்கியது, முனகியது, கொஞ்சம் பொறுத்து இவள் ஏன் வரவில்லை என்று திரும்பிப் பார்த்தது. பிறகு அவள் பக்கம் வந்தது. கயிறு தொய்ந்தது. அந்த நொடியில் அவள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சாளைத் தலையை எடுத்து அதன் வாயருகே போட்டாள்.

"பைய, மக்கா," என்றாள். "பைய வந்தா நமக்கு எல்லாம் உண்டு."

மறுபடி இழுத்தது, மறுபடி நின்றாள். அன்று சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேர் மீன் வாங்கிப் போய்விட்டிருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. நாயின் மேல் அல்ல. அடுத்த சந்தை நாளில் நிற்க வேண்டி வந்தது குறைந்தது. ஆவணி கழிவதற்குள் கயிறு இறுகினால் இறுகின பக்கம் போய் நிற்க வேண்டும், போனால் மேலேயிருந்து ஒரு கை மீன் தரும் என்பது அந்த நாய்க்கு மூச்சு விடுவது போல் பழகிப்போனது. பைய என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து கூட நடக்கும். இருவருக்கும் நடுவில் கயிறு தளர்ந்து தரையைத் தொடுவது போல் ஆடும்.

கிளீட்டஸ் இதைத் தள்ளி நின்று பார்த்தான். ஒரு நாள் கையை நீட்டினான். அவள் கயிற்றைக் கொடுத்தாள். நாலு அடி நடப்பதற்குள் அவன் கை தானாகக் கயிற்றைச் சுருட்டி இழுத்துவிட்டது. நெத்தோலி நடுங்கிப்போய் அவளைப் பார்த்தது.

"நான் இழுக்கல்ல புள்ள," என்றான் கிளீட்டஸ். "கைதான் இழுக்குது. கயிறு தொய்ஞ்சா மடி அறுந்து போச்சுண்ணு அர்த்தம் எங்களுக்கு. தொய்ஞ்ச கயித்தப் பிடிச்சா எனக்கு நெஞ்சு பதறுது."

"நெஞ்சு பதறட்டு. கை பதறாம இருந்தா போதும்."

அவன் கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு மடி கரையேறுகிற நாளெல்லாம் சாளைத் தலைகளை ஒரு பனையோலைப் பட்டையில் கட்டிக் கொண்டுவந்து, யாரோ போட்டுவிட்டுப் போனது போல் அடுப்படியில் வைத்தான். 

புரட்டாசி பிறந்தது. முதல் சந்தை நாளில் வானம் மூடி, விட்டு விட்டுத் தூறியது. வாசலில் சந்தைக் காவல்காரன் தங்கையன் புளியங்கம்போடு நின்றான். அவனுக்குப் பக்கத்தில், தீர்வை வாங்கும் சாவடியில் குத்தகைக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய சீமை நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு ஒரு வேலைக்காரன். நாய் வருகிறவர் போகிறவர் எல்லோர் மேலும் பாய்ந்தது. வேலைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்தான். சங்கிலி விறைத்து நின்றது. கிழங்குக்காரி, முருங்கைக்காய்க்காரி எல்லோரும் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். அது கெட்டு உள்ள பட்டி, அதற்குக் குறை இல்லை.

வியாகுலம்மாள் கடவத்தோடு வந்தாள். நெத்தோலி அவள் காலருகில் நடந்து வந்தது. சீமை நாய் குரைத்தபோது ஒரு தரம் காதை மடக்கியது, பைய என்று அவள் சொன்னதும் மறுபடி நடந்தது. தங்கையன் கம்பைக் குறுக்கே நீட்டினான். சட்டம் போட்டவரைத் திரும்பிப் பார்த்தான்.

"கயிறு தொங்குது," என்றார் குத்தகைக்காரர். "இது கெட்டா?"

"கழுத்துல கெட்டு உண்டு, கையில கயிறு உண்டு," என்றாள் வியாகுலம்மாள். "வேற என்ன வேணும்?"

"இழுத்துப் பிடிச்சாத்தான் கெட்டு. இது அது இஷ்டத்துக்கு வாற பட்டி. கயிறு சும்மா பேருக்குக் கெடக்கு."

"எனக்க இஷ்டத்துக்கு வாறா. இழுக்காமலே வாறவள என்னத்துக்கு இழுக்கணும்?"

"இழுத்துக் காட்டு. கெட்டு உண்டா இல்லையாண்ணு நான் பாக்கணும். இல்லெண்ணா தங்கையா, உத்தரவு தெரியுமில்ல."

சந்தை வாசலில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். ஒரு தரம் வெட்டி இழுத்தால் போதும், நாய் பிழைக்கும். வியாகுலம்மாளுக்கு அது தெரியும். கயிற்றைப் பிடித்த விரல்கள் மடங்கக்கூட மடங்கின. கீழே பார்த்தாள். நெத்தோலி அண்ணாந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கயிறு உன்னை ஒருநாளும் நோகடிக்காது என்று தினம் தினம் மீன் கொடுத்துச் சொன்னவள் அவள். இன்றைக்கு ஒரு நாற்காலிக்காரன் பார்த்துத் திருப்திப்படுவதற்காக அதைப் பொய்யாக்க வேண்டும். கண்முன்னால் சரியாக இருப்பது இந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. ஒரு உயிரின் கழுத்து நெரிந்தால்தான் அவருக்கு ஒழுங்கு கண்ணில் படுகிறது. 

கடவத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கயிற்றின் முனையைத் தன் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, நுனியைப் பல்லில் கவ்வியபடி மறு கையால் முடிச்சுப் போட்டாள்.

"நான் இழுக்க மாட்டேன்," என்றாள். "இஞ்ச இருக்கு கெட்டு. பாக்கணும்னா நீரு வந்து இழுத்துப் பாரும்."

மீன் ஊறிய அந்தக் கயிற்றை அவர் தொடுவாரா? தங்கையனுக்குக் கண் காட்டினார். தங்கையன் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நடுக்கயிற்றை இரண்டு கையாலும் பற்றினான். முரட்டு நாய், கால் ஊன்றி எதிர்க்கும் என்று நினைத்து, உள்ள பலத்தையெல்லாம் கொடுத்து இழுத்தான்.

நாய் எதிர்க்கவில்லை. கயிறு இறுகியதும் இறுகின பக்கம் ஓடி, அவன் காலடியில் போய் நின்று, அண்ணாந்து பார்த்தது. அதனால் அத்தனை இழுப்பும் வியாகுலம்மாள் இடுப்பில் விழுந்தது. அவள் முன்னால் சாய்ந்தாள், முழங்கால் கல்லில் அடித்தது, கடவம் கவிழ்ந்தது. சாளை முழுவதும் வாசல் சேற்றில் வெள்ளி வெள்ளியாகச் சிதறியது.

தங்கையன் கயிற்றை விட்டுவிட்டான். நெத்தோலி இன்னும் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றது, வாலை மெல்ல ஆட்டியது. சொன்னபடி வந்தேனே, எனக்கு ஏன் ஒன்றும் தரவில்லை என்று கேட்பது போல் இருந்தது. இடுக்கிய கம்பு கீழே விழுந்ததை அவன் கவனிக்கவில்லை.

மீன் வாசனையில் சீமை நாய் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. வேலைக்காரன் குப்புற விழுந்து, சங்கிலியோடு சேற்றில் இழுபட்டான். நாற்காலி சரிந்தது. குத்தகைக்காரரின் வெள்ளை வேட்டியில் இடுப்பு வரைக்கும் மீன் தண்ணீர் அடித்தது. எவளோ ஒருத்தி சிரித்தாள், அப்புறம் அடக்க முடியாமல் எல்லோரும் சிரித்தார்கள். வியாகுலம்மாள் சிரிக்கவில்லை. முழங்காலில் ரத்தம் வடிய எழுந்து நின்றாள்.

"இறுகிச்சா மொதலாளி?" என்று கேட்டாள். "ஒமக்குக் கண்ணு நெறஞ்சுதா? ஒரு பெண்ணு மண்ணில விழுந்தப்பதான் ஒமக்க சட்டத்துக்குக் கெட்டு தெரிஞ்சுது. சங்கிலி போட்ட ஒமக்க பட்டி எங்க கெடக்குண்ணு பாரும். தொய்ஞ்ச கயித்தில நிக்கிய எனக்க பட்டியயும் பாரும். பாத்துட்டு, யாரக் கொல்லணும்ணு சொல்லும்."

அவர் வேட்டியை உதறிக்கொண்டு, தங்கையா, அடி என்று கத்தினார். கீழே கிடந்த கம்பை எடுக்கத் தங்கையன் குனியவில்லை.

"கெட்டு உண்டு மொதலாளி," என்றான். "நான் கையால பிடிச்சுப் பாத்தாச்சு. நல்ல கெட்டு."

பூங்கனி கிழங்குக் கூடையை விட்டுவிட்டு ஓடிவந்து மீன் பொறுக்கக் குனிந்தாள். இன்னும் சில பெண்களும் குனிந்தார்கள். வேண்டாம் என்று வியாகுலம்மாள் கையைக் காட்டினாள். சேற்று மீனைக் கழுவி யாருக்கும் விற்க மாட்டேன், கிடக்கட்டும், இன்று முழுக்க இந்த வாசலில் நாறட்டும், குளிக்கிறவர்கள் குளித்துக்கொள்ளட்டும் என்றாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைக் கையில் எடுத்தாள். வெறுங் கடவத்தைத் தலையில் வைத்தாள். தங்கையன் வழி விட்டான். அவளும் நாயும் உள்ளே போனார்கள்.

மீன்காரிகள் வரிசையில் தன் இடத்தில் கடவத்தை நிமிர்த்தி வைத்து, அதன் பின்னால் உட்கார்ந்தாள். நெத்தோலி பக்கத்தில் படுத்தது. தூறல் நின்று வானம் வெளுத்தது. வழக்கமாக அவளிடம் வாங்குகிறவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். மீன் வெந்து கஞ்சிக்கு ஆக வேண்டுமே என்ற அவசரத்தில் ஒருத்தி, இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டாள்.

"இண்ணைக்கு மீன் இல்ல."

"பின்ன என்னத்துக்கு இஞ்ச இருக்க?"

"இருக்கியதுக்குத்தான்," என்றாள் வியாகுலம்மாள். "இது எனக்க எடம்."

விற்க ஒன்றும் இல்லாமல், சந்தை கலைந்து கடைசிக் கிழங்குக்காரி கூடையைத் தூக்குகிற வரைக்கும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.